படக்கதையில் திரும்பி வராத பாண்காரன்

1

ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்து வந்து, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு நானும் என் மகள் ஜெனியும் செத்தவர்களைப் பார்ப்பது வழக்கம். பயந்துவிடாதீர்கள், ரீவியில் ஓடுகிற நாடகத்தில்தான். ஒரு தீவு. அதைப் பெருநிலத்தோடு சேர்க்கிற நீளமான பாலம். ஏதோ ஒரு நோய் வந்து, செத்தவர்கள் எழும்பி நடக்கிறார்கள். உயிரோடு இருப்பவர்களைக் கடிக்கிறார்கள். கடிபட்டவரும் செத்து எழும்பி நடக்கத் தொடங்குகிறார். கதை இவ்வளவுதான். இதை ஐந்து வருடமாக இழுத்திருக்கிறார்கள்.

நான் ரொறன்ரோவுக்குப் பக்கத்தில் ஒரு ஆஸ்பத்திரியின் சலவைப் பகுதியில் வேலை செய்கிறேன். கிழமையில் ஆறு நாள் வெள்ளைப் படுக்கை விரிப்புகளை மடிக்கிற வேலை. ஏழாம் நாள் வீட்டில் இருந்தால், மனைவிக்கு அன்றைக்கு வேலை. ஜெனிக்குப் பதினேழு வயது. திங்கள் முதல் சனி வரை அவளுடைய அறைக் கதவைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். ஞாயிறு பின்னேரம் மட்டும் அவள் கீழே இறங்கி வந்து, சோபாவின் மற்றத் தொங்கலில் காலை மடித்துக்கொண்டு இருப்பாள். அவள் பக்கத்தில் இருக்கிறாள் என்றால் நான் சோளம் வெடிப்பதைக்கூட இரண்டு மணித்தியாலம் பார்ப்பேன். செத்தவர்கள் எம்மாத்திரம்.

இந்த நாடகம் ஒரு படக்கதையிலிருந்து வந்தது. பன்னிரண்டு புத்தகங்கள், எல்லாம் கறுப்பு வெள்ளை. ஜெனி அவற்றை நூலகத்திலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து வருவாள். நாடகம் ஓடும்போது புத்தகம் அவள் மடியில் விரிந்திருக்கும். சோதனைத்தாள் திருத்துகிற ரீச்சர் மாதிரி, ஐந்து நிமிடத்துக்கு ஒருதரம் படத்தை நிறுத்துவாள்.

"அப்பா, இது புக்ல இல்லை."

"அப்ப எங்கையிருந்து எடுத்தவை?"

"சும்மா. அவையே மேட் அப் பண்ணின கதை. இந்த மனிசன் புக்ல எப்பவோ செத்துட்டுது. இங்க இன்னும் இருக்குது."

மனிதர்களை 'அது' என்று சொல்லக்கூடாது, 'அவர்' என்று சொல்லவேண்டும் என்று எத்தனையோ தரம் திருத்தியிருக்கிறேன். இந்த நாடகம் தொடங்கிய பிறகு விட்டுவிட்டேன். செத்து எழும்பி நடக்கிறவரை 'அவர்' என்பதா 'அது' என்பதா என்று எனக்கும் நிச்சயமில்லை.

2

முதலில் அவளோடு கதைக்க ஒரு சாட்டாகத்தான் நானும் புத்தகங்களைப் புரட்டினேன். பிறகு எனக்கே பிடித்துவிட்டது. வேலைக்குப் போகிற பஸ்ஸில் ஐம்பத்துமூன்று வயது மனிதன் பேய்ப்படப் புத்தகம் பார்த்துக்கொண்டு வருவதைப் பார்த்து, பக்கத்தில் இருந்த ஒரு வெள்ளைக்கார அம்மா எழும்பி வேறு கதிரைக்குப் போனதும் உண்டு.

நாடகத்தில் செத்தவர்களுக்குச் சத்தம் இருக்கிறது. தொண்டைக்குள் சளி கட்டினதுபோல உறுமிக்கொண்டு வருவார்கள். படக்கதையில் சத்தமே இல்லை. பக்கத்தைத் திருப்பினால் அங்கே நிற்பார்கள், அவ்வளவுதான். "சத்தம் இல்லாததுதான் கூடப் பயம் அப்பா" என்றாள் ஜெனி. அது சரிதான். நாடகத்தில் கூட்டம் கூட்டமாக அவர்கள் நிற்பதைப் பார்த்தால் எனக்குப் பயம் வரவில்லை, மன்னார் பஸ் நிலையத்தடியில் மத்தியான வெயிலில் அசையாமல் நிற்கிற கழுதைகள்தான் ஞாபகம் வந்தன. நான் எங்கள் ஊரான விடத்தல்தீவிலிருந்து பாலத்தைக் கடந்து மன்னார் ரவுணுக்குப் படிக்கப் போன காலத்தில், பஸ்காரன் ஹோர்ன் அடித்து அடித்துக் களைத்துப்போவான். கழுதைகள் அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டு மறுபக்கம் திரும்பும். இதை ஜெனிக்குச் சொன்னேன். சிரித்தாள். அதற்குப் பிறகு நாடகத்தில் கூட்டத்தைக் காணும்போதெல்லாம் "அப்பா, டொங்கீஸ்" என்பாள்.

இந்த ஜென்மங்களுக்குத் தமிழில் என்ன பெயர் என்று ஒருநாள் கேட்டாள். நடைபிணம் என்றேன். "நடை, பிணம்" என்று இரண்டாக உடைத்துச் சொல்லிப் பார்த்தாள். அந்தச் சொல் அவளுக்கு மிகவும் பிடித்துப்போனது. இங்கிலீசிலும் இவ்வளவு சரியான சொல் இல்லை என்றாள். எனக்குப் பெருமையாக இருந்தது, ஏதோ நான் கண்டுபிடித்த சொல் மாதிரி.

ஆனால் எங்கள் ஊரில் அந்தச் சொல்லைச் செத்தவர்களுக்குச் சொல்வதில்லை, உயிரோடு இருப்பவர்களுக்குத்தான் சொல்வது என்பதை நான் அவளுக்குச் சொல்லவில்லை. கடைசியாக அந்தச் சொல்லை நான் கேட்டது என் அண்ணியைப் பற்றி. "உங்கட அண்ணி நடைபிணமாத் திரியிறா" என்று மன்னார்ப் பக்கத்துத் தாராபுரத்திலிருந்து ஒரு கூட்டாளி போனில் சொன்னான். அவன் எங்கள் வீட்டில் எவ்வளவோ நாள் மீன்கறி சாப்பிட்டவன், துக்கத்தோடுதான் சொன்னான். எனக்கு ஒரு மாதம் அவனோடு கதைக்க மனம் வரவில்லை.

3

இந்தக் கதையில் ஹென்றி என்று ஒருவன் வருகிறான். தீவில் வான் ஓட்டிப் பேக்கரிப் பாண் விற்கிறவன். மனைவி நோரா. சனங்கள் தீவை விட்டு வெளிக்கிடுகிற நேரம் ஹென்றி மனைவியைப் பாலத்தின் அந்தப் பக்கம் கொண்டுபோய் இறக்கிவிட்டு, விடுபட்ட ஆட்களை ஏற்றிக்கொண்டு வருகிறேன் என்று வானைத் திருப்புகிறான்.

இந்த இடத்தில்தான் படக்கதையும் நாடகமும் பிரிகின்றன.

படக்கதையில், நாலாம் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில், வானின் பின்பக்கம் மட்டும் தெரிகிறது. பாலத்தில் போகிறது. அதற்கு அடுத்த கட்டம் வெறுமையாக இருக்கிறது. கோட்டுச் சதுரம், உள்ளே ஒன்றுமில்லை. அச்சில் ஏதோ பிழை என்று நினைத்து நான் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். பிழை இல்லையாம், ஜெனி சொன்னாள். அதற்குப் பிறகு வருகிற எட்டுப் புத்தகங்களிலும் ஹென்றி இல்லை. செத்தான் என்றும் இல்லை, பிழைத்தான் என்றும் இல்லை. நோரா மட்டும் இருக்கிறாள். சமைக்கிறாள், சண்டை பிடிக்கிறாள், வயதாகிறாள்.

நாடகம் பார்க்கிற சனங்கள் இதைப் பொறுக்கவில்லை போலிருக்கிறது. இரண்டாம் வருட முடிவில் ஹென்றியைக் கொண்டுவந்துவிட்டார்கள். நடைபிணமாகப் பாலத்தில் வருகிறான். முகம் பாதி இல்லை. சட்டையை வைத்து நோரா அடையாளம் காண்கிறாள். அவன் திரும்ப எழும்பாமல் செய்யவேண்டியதை அவளே செய்கிறாள், அவளே குழி தோண்டிப் புதைக்கிறாள், இருந்து அழுகிறாள். அடுத்த பாகத்தில் முதல் தடவையாகச் சிரிக்கிறாள்.

"நாடகம் திறம்" என்றேன் நான்.

ஜெனி என்னை ஏதோ துரோகியைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். "சீரியஸா? அப்பா, புக்தான் பெட்டர். அது பொய் சொல்லேல்லை. தெரியாட்டித் தெரியாதுதானே."

"எட்டுப் புத்தகத்துக்கு அந்த மனிசியை அப்பிடியே விடுறதோ? நாடகத்தில பார்த்தாள். புதைச்சாள். முடிஞ்சுது."

"முடியுறதுக்காகச் சும்மா ஒரு டெட் பொடி கொண்டுவந்து போடேலாது."

"போடலாம்" என்றேன். என் குரல் உயர்ந்துவிட்டது. ஒரு பாண்காரனுக்காக இந்த மனிதன் ஏன் கத்துகிறான் என்று அவள் நினைத்திருக்கவேண்டும். ரிமோட்டை அமத்தினாள்.

4

என் அண்ணனின் பெயர் அந்தோனி. அந்தோனியார் திருநாளன்று பிறந்தவர், ஆதலால் அந்தப் பெயர். விடத்தல்தீவில் கடற்றொழில். யுத்தத்தின் கடைசி மாதங்களில் எல்லோரையும் போல அவரும் அண்ணியும் கைக்குழந்தையும் இடம்பெயர்ந்து வடக்கு நோக்கிப் போனார்கள். நான் அதற்கு முன்பே இங்கே வந்துவிட்டேன்.

ஒருநாள் காலையில் அவர்கள் இருந்த இடத்தை விட்டு எழும்பி நடக்கவேண்டி வந்தது. கொஞ்சத்தூரம் போனபிறகு அண்ணன் நின்றாராம். சைக்கிளை விட்டுவிட்டு வந்துவிட்டோமே, அதில் சாமான்களையாவது வைத்து உருட்டலாம் என்று. "நீ பிள்ளையோட முன்னால நட. நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு வாறன்" என்று சொல்லித் திரும்பிப் போனார். இது பல வாரங்களுக்குப் பிறகு அண்ணி அகதி முகாமிலிருந்து ஒரு இரவல் போனில் எனக்குச் சொன்னது. இத்தனை வருடத்தில் அந்த வசனத்தில் ஒரு சொல்லைக்கூட அவ மாற்றிச் சொன்னதில்லை.

பிறகு ஊருக்குத் திரும்பினா. காணி அண்ணனின் பெயரில் இருக்கிறது. அதை மகனின் பெயருக்கு மாற்ற ஒரு சான்றிதழ் வேண்டுமென்று அரசாங்கக் கந்தோரில் கேட்டார்கள். மரணச் சான்றிதழ் எடுக்கலாம் என்றார்கள். மாட்டேன் என்றா. அது மனமில்லாவிட்டால், காணாமற்போனவர் என்றாவது ஒரு சான்றிதழ் எடுக்கலாம் என்று ஒரு நல்ல மனிதர் மேசைக்கு அந்தப் பக்கமிருந்து பொறுமையாக விளக்கினாராம். அண்ணி அவருக்குச் சொன்ன பதில்: "அவர் காணாமப் போகேல்லை ஐயா. சைக்கிள் எடுக்கப் போனவர்."

அந்த வசனத்துக்குப் படிவம் எந்தக் கந்தோரில் இருக்கிறது?

எங்களுக்குள் மிஞ்சியிருப்பது ஒரு பூசைதான். ஒவ்வொரு வருடமும் அந்தோனியார் திருநாளை ஒட்டி வருகிற ஞாயிறு, இங்கே எங்கள் தமிழ்ப் பங்குக் கோயிலில் அண்ணனின் பெயருக்கு ஒரு பூசை கொடுப்பேன். அங்கே அண்ணி ஊர்க் கோயிலில் கொடுப்பா. எங்கள் ஆட்களுக்குத் தெரியும், பூசைக்கு முன் சாமியார் பெயர்களை வாசிக்கும்போது இரண்டு வகை உண்டு. உயிரோடிருப்பவர்களுக்கு 'சுகத்துக்காக'. செத்தவர்களுக்கு 'ஆன்ம இளைப்பாற்றிக்காக'. அண்ணனின் பெயர் எப்போதும் சுகத்தில்தான். முதல் வருடமே அண்ணி சொல்லிவிட்டா: "தம்பி, சுகத்துக்குக் குடுங்கோ." காணாமற்போன சாமான்களைத் தேடித் தருகிறவர் அந்தோனியார் என்று அவ நம்புகிறா. எங்கள் கரையில் யார்தான் நம்பாதவர்கள்.

முன்பெல்லாம் கோயில் வாசலில் ஒரு கொப்பியில் பெயர் எழுதிக் கொடுப்பது. இந்த வருடம் அதைக் கணினிக்கு மாற்றிவிட்டார்கள். இங்கிலீசில் ஒரு படிவம். அதைக் கண்டதும், எல்லாப் படிவங்களையும் போல, ஜெனியிடம் தள்ளிவிட்டேன்.

5

அந்த ஞாயிறு பூசை நேரலையில் போனது. அண்ணி தன்னுடைய போனில் பார்ப்பா என்று எனக்குத் தெரியும். ஒவ்வொரு வருடமும் பார்ப்பா. அங்கே படுக்கப் போகிற நேரம், இங்கே மத்தியானம்.

சாமியார் பெயர்களை வாசித்துக்கொண்டு வந்தார். சுகத்துக்காக என்று ஐந்தாறு பெயர். அண்ணனின் பெயர் இல்லை. பிறகு ஆன்ம இளைப்பாற்றிக்காக. மூன்றாவது பெயர், அந்தோனி, விடத்தல்தீவு.

வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றவில்லை, போன் அடித்தது.

"தம்பி" என்றா அண்ணி. மெதுவான குரல். "ஏதும் செய்தி வந்ததே?"

"என்ன செய்தி அண்ணி?"

"பூசையில வாசிச்சவை. இளைப்பாற்றிக்கெண்டு. உங்களுக்கு ஆரோ உறுதியாச் சொல்லியிருக்கினம் எண்டு நினைச்சன். அங்க எல்லா நாட்டு ஆக்களும் வந்து போறவைதானே." பிறகு சொன்னா: "பயப்பிடாமல் சொல்லுங்கோ தம்பி. நான் கதிரையில இருந்துகொண்டுதான் கதைக்கிறன்."

கோபித்திருந்தால் தாங்கியிருப்பேன். அவ கோபிக்கவில்லை. இத்தனை வருடமும் அந்தக் கதிரையில் எப்படி இருந்து அந்தச் செய்தியைக் கேட்பது என்று பழகி வைத்திருந்தவ போல, ஆயத்தமாகக் கேட்டுக்கொண்டிருந்தா.

"ஐயோ இல்லை அண்ணி. ஒரு செய்தியும் இல்லை. இது பிள்ளை விட்ட பிழை. புதுப் படிவம். அவளுக்குத் தமிழும் விளங்காது, பூசையும் விளங்காது, பிழையா அமத்திப்போட்டாள்."

அந்தப் பக்கம் மூச்சு விடுகிற சத்தம் கேட்டது.

"அப்ப ஒண்டும் இல்லை."

"ஒண்டும் இல்லை அண்ணி."

"சரி தம்பி. அப்ப நல்லது" என்று போனை வைத்தா. அது ஆறுதலா ஏமாற்றமா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

திரும்பிப் பார்த்தால், மாடிப்படியில் நாலாம் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஜெனி நின்றாள்.

"அப்பா. எனக்கு விளங்கும்" என்றாள்.

பிறகு சொன்னாள்: "நான் கேட்டனான். நீங்க சொன்னனீங்க."

உண்மை. உங்களுக்கும் நான் இதுவரை சொல்லாமல் தாண்டிவிட்டேன். படிவம் நிரப்பிய அன்றைக்கு நான் வேலைக்கு வெளிக்கிட்டு, வாசலில் குனிந்து சப்பாத்து நூல் கட்டிக்கொண்டிருந்தேன். ஜெனி கணினிக்கு முன்னால் இருந்து கேட்டாள். "அப்பா, இதில ரெண்டு கட்டம் இருக்குது. மேல லிவிங். கீழ டிசீஸ்ட். பெரியப்பாக்கு எது?"

இவ்வளவு நேராக இந்தக் கேள்வியை என்னிடம் யாரும் கேட்டதில்லை. ஊரில் கேட்கமாட்டார்கள், இங்கேயும் கேட்கமாட்டார்கள். எனக்கு விடை தெரியும். எத்தனையோ வருடமாகத் தெரியும். வேலையில் விரிப்புகளை மடிக்கும்போது, வாய்க்குள் நான் அண்ணனுக்குச் சொல்கிற செபம் செத்தவர்களுக்குச் சொல்கிற செபம்தான். ஆனால் அதைச் சொல்லாக வெளியே விட நாக்கு எழும்பவில்லை.

"கீழ இருக்கிறதைப் போடு" என்றேன். கதவைத் திறந்து வேலைக்குப் போய்விட்டேன்.

பூசை வந்த ஞாயிறு வரைக்கும் ஒன்பது நாள் இருந்தது. மாற்றியிருக்கலாம். நான் மாற்றவில்லை. அண்ணிக்குக் கேட்கட்டும், ஒருதரம் காதில் விழட்டும், அழுது முடியட்டும் என்று என் மனதில் ஒரு மூலை விரும்பியது. முடிவு வேண்டுமென்பதற்காக ஒரு பிணத்தைக் கொண்டுவந்து போட்டது நாடகக்காரர் மட்டுமல்ல. அப்படிச் செய்துவிட்டு, பழியைத் தூக்கி என் பிள்ளையின் தலையில் போட்டேன். அதையும் அவளுக்கு விளங்காது என்று நினைத்துக்கொண்டு, அவளுடைய தாய்மொழியிலேயே செய்தேன்.

6

அடுத்த இரண்டு ஞாயிறும் ஜெனி கீழே வரவில்லை. நான் தனியே ரீவிக்கு முன்னால் இருந்தேன், போடவில்லை. அந்த நாட்களில் ஒன்றில், நானே கணினியைத் திறந்து, ஒரு விரலால் எழுத்துத் தேடித் தேடி, திரும்பவும் ஒரு பூசைக்கு அண்ணனின் பெயரைப் பதிந்தேன். மேலே இருக்கிற கட்டத்தில் அடையாளம் போட்டேன். செய்து முடித்தபோது ஒரு பொய்யைச் சொன்ன மாதிரியும் இருந்தது, ஒரு பொய்யைத் திருத்தின மாதிரியும் இருந்தது.

அந்தப் பூசை முடிந்து வந்து, ஜெனியின் கதவைத் தட்டினேன். "பெரியம்மாவுக்குப் போன் எடுக்கப்போறன். நீயும் வா. நான் பொய் சொன்னனான் எண்டு உனக்கு முன்னாலயே சொல்லவேணும்."

வீடியோவில் அண்ணியின் முகம் வந்தது. பின்னால் வெளிறின நீலச் சுவர், மாதா படம். நான் சுற்றி வளைக்கவில்லை. "அண்ணி, அண்டைக்குப் பிள்ளை பிழை விடேல்லை. நான்தான் அப்பிடிப் போடச் சொன்னனான்."

"தெரியும் தம்பி" என்றா. "பிள்ளையள் கேக்காமல் எழுதமாட்டினம்." அதற்கு மேல் அதைப்பற்றி ஒன்றும் சொல்லவில்லை. என்னை மன்னித்தாவா என்று நானும் கேட்கவில்லை, கேட்கிற உரிமை இல்லை. ஜெனியைப் பார்த்து, "என்ன பிள்ளை கையில, படிக்கிற புத்தகமோ?" என்றா.

ஜெனி நாலாம் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைப் போனுக்கு முன்னால் பிடித்தாள். தன்னுடைய தமிழில் கதையைச் சொன்னாள். வழக்கமாக 'அது' வருகிற இடமெல்லாம் கவனமாக 'அவர்' என்று சொன்னாள். பாண் விக்கிறவர். ஆக்களை ஏத்தப் போனவர். பிறகு இந்தக் கட்டத்தில ஒண்டும் கீறேல்லை.

அண்ணி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்ட வந்து பார்த்தா. வெறும் சதுரம்தான். நெடுநேரம் பார்த்தா.

"செத்தவர் எண்டு போடேல்லையே?"

"இல்லை பெரியம்மா. புக்ல கடைசிவரை சொல்லேல்லை. ரீவியில வேற மாதிரி."

"ரீவியில என்ன?"

ஜெனி என்னைப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்தேன்.

"ரீவியில திரும்பி வாறார் பெரியம்மா" என்றாள். "ஆனா... நடைபிணமா. செத்து, நடந்து வாறார். மனிசியைத் தெரியாது அவருக்கு."

எனக்கு எழும்பி ஓடவேண்டும் போல இருந்தது. அண்ணி அசையவில்லை.

"அவருக்குத் தெரியாட்டிப் பரவாயில்லை பிள்ளை. அவளுக்கு ஆளைத் தெரிஞ்சுதுதானே?"

"ஓம். சேர்ட்டை வச்சுக் கண்டுபிடிச்சவ."

"பிறகென்ன. வந்தவர்தானே."

நாடகத்தில் அந்தக் காட்சியை நான் எத்தனையோ தரம் பார்த்திருக்கிறேன். நோரா புதைத்தாள், அழுதாள், முடிந்தது என்றுதான் ஒவ்வொரு தரமும் பார்த்தேன். அவன் வந்தான் என்று ஒருதரமும் பார்க்கவில்லை.

அண்ணி கண்ணாடியைக் கழற்றிச் சீலைத் தொங்கலில் துடைத்தா.

"வான்ல வந்தவரோ, நடந்தோ?"

"நடந்து, பெரியம்மா. வான் இல்லை."

"ஓம்" என்றா அண்ணி. "நடந்துதான் வரவேணும். இவ்வளவு காலத்துக்குச் சைக்கிள் நிண்டிருக்காது."